மாரியில் கரையேற்றிய பழைய போட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவுக் கரையில் 18 அடி பைபர் போட் ஒன்று வைத்திருக்கிறேன். என்னிடம் வருவதற்கு முன் இரண்டு பேரிடம் ஓடியது. பின்னால் மண்ணெண்ணெய் எஞ்சின், 2022 முதல் முன்பக்கத்தில் பாய்மரமும் ஒரு பாயும் உண்டு. அந்தப் பாயைப் பார்த்துச் சிரித்தவர்களும் மாரி பிறந்தால் கரையில் இருக்கிற என் வாடிக்கு (கொட்டிலுக்கு) வந்து இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். நான் போட் கட்டுகிற பாஸ் இல்லை. சொந்தப் போட்டைச் சொந்தக் கையால் திருத்தி, திருத்தியதில் பாதியைத் திரும்பவும் திருத்தியவன்.

போட்டை எப்போது கரையேற்றுவது? எல்லாக் கரைக்கும் ஒரே காலமா?

இல்லை. கொக்கிளாய், நாயாறு, செம்மலை, அளம்பில், முல்லைத்தீவு என்று இருக்கிற கிழக்குக் கரையில் வாடைக்காற்று எழும்பினால் கடல் பெருத்துவிடும். ஐப்பசி நடுவில் தொடங்கினால் தை வரை அதுதான் கதை. இடையில் நாலைந்து நாள் கடல் படுக்கும். அப்போது போகிறவர்கள் போவார்கள். மற்றவர்கள் நந்திக்கடல் களப்பில் இறால் பார்ப்பார்கள்.

வன்னியின் மேற்குக் கரை இதற்கு நேர்மாறு. நாச்சிக்குடா, விடத்தல்தீவுப் பக்கம் வைகாசி முதல் புரட்டாதி வரை அடிக்கிற சோளகம் என்ற தென்மேற்குக் காற்றுத்தான் தொல்லை. ஆகவே அவர்கள் கொளுத்துகிற வெயிலில் போட் திருத்துகிறார்கள், நாங்கள் மழையில் திருத்துகிறோம். அங்கே இருக்கிற மச்சான் "ரெண்டு நாளில காஞ்சிடும்" என்று சொன்னதை நம்பிக் கார்த்திகையில் இங்கே றெசின் (பைபரை ஒட்டுகிற பிசின்) பூசியவர்களை எனக்குத் தெரியும். கீழே எழுதுவதெல்லாம் கிழக்குக் கரைக் கணக்கு.

எவ்வளவு மேலே இழுத்து வைக்கவேண்டும்?

அடம்பன் கொடி படர்ந்திருக்கிற இடத்துக்கும் மேலே. சாதாரண அலை அடிக்கடி வந்துபோகிற இடத்தில் அந்தக் கொடி பிடிக்காது. கடல் எதுவரை வரும் என்பதை மணலில் அதுதான் கோடு போட்டுக் காட்டுகிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்படிப்பட்ட இரவுகளில் அந்தக் கோடும் போதாது. வானிலை அறிவித்தல் வந்தால் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, போட்டை இன்னும் மேலே ஏற்றி மரத்தில் கட்டுங்கள். இழுக்க ஆட்கள் வேண்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை.

கரையேற்றியதும் முதல் வேலை என்ன?

தண்ணீர் விடுகிற ஓட்டையின் அடைப்பைக் கழற்றுங்கள். கழற்றி எஞ்சின் பிடியிலேயே ஒரு நூலால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மாசியில் தேடுவீர்கள். பிறகு அணியத்தை, அதாவது போட்டின் முன்பக்கத்தை, ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். மழைத்தண்ணீர் பின்னால் ஓடி வெளியே போகவேண்டும்.

இதைச் சின்ன விடயம் என்று நினைக்கவேண்டாம். போட்டின் உள்தரை ஐந்து மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம் என்று வையுங்கள். அதில் பத்துச் சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 500 லீற்றர், அதாவது அரைத் தொன். கார்த்திகையில் ஒரே இரவு மழைக்கு அது சேர்ந்துவிடும். அந்தப் பாரத்தோடு போட் இரண்டு பனங்குற்றிக்கு மேலே மட்டும் குந்தியிருந்தால் அடி நடுவில் தொங்கும். குற்றி படுகிற இடம் உள்ளே நெளியும். உரப்பையில் மணல் நிரப்பி ஏராவின் (அடியில் நீளமாக ஓடுகிற முதுகெலும்பின்) நீளத்துக்கு அடுக்கி, பக்கத்துக்கு இரண்டு பை முண்டு கொடுங்கள். பாரம் பரவினால் போதும்.

தண்ணீர் தேங்கிய போட் டெங்கு நுளம்புக்கும் நல்ல வீடு. சுகாதாரப் பரிசோதகர் வந்து ஏசினால் அவர்மேல் கோபப்படாதீர்கள்.

அடுத்தது, உப்பைக் கழுவுவது. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, கரிக்காத கிணறாகப் பார்த்து அள்ளுங்கள். கடற்கரைக் கிணறுகள் சிலதில் கழுவுவதும் கடலில் கழுவுவதும் ஒன்றுதான்.

தறப்பாள் போட்டு இறுக்கி மூடலாமா?

மூடலாம், இறுக்கவேண்டாம். இரண்டு பக்கமும் காற்றுப் போய்வர விடுங்கள். இறுக்கி மூடிய போட்டுக்குள் காலையில் கை வைத்துப் பாருங்கள், மேலே மழை இல்லாமலே உள்ளே வியர்த்திருக்கும். நடுவில் ஒரு தடி நீளமாகக் கொடுத்து, கூரை மாதிரிச் சரிவாகப் போட்டால் நல்லது. கிடுகுக் கொட்டில் போட வசதி உள்ளவர்கள் பாக்கியவான்கள்.

முன்பு நாலு பேர் தள்ளிய போட்டுக்கு இப்போது ஆறு பேர் வேண்டியிருக்கிறது. ஏன்?

தண்ணீர் குடித்திருக்கிறது. இருக்கைகளுக்குக் கீழேயும் அணியத்திலும் இருக்கிற மூடிய பெட்டிகளுக்குள் போட் தாழாமல் இருப்பதற்காக நுரை அடைத்திருப்பார்கள். பெட்டியில் ஒரு வெடிப்பு விழுந்தால் நுரை மெதுமெதுவாகத் தண்ணீரை உறிஞ்சும். பெட்டியின் கீழ் மூலையில் சின்ன ஓட்டை ஒன்று போட்டு, அணியத்தை உயர்த்தி இரண்டு நாள் விடுங்கள். தண்ணீர் சொட்டினால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். ஊறிய நுரை தானாகக் காயாது. வெட்டி எடுத்து எறியுங்கள்.

புதிதாக என்ன போடுவது? மலிவு என்று ரெஜிபோம் (தெர்மோகோல்) வாங்கி அடைத்து, அதற்கு மேல் றெசின் ஊற்றியவர் ஒருவர் எங்கள் கரையில் இருக்கிறார். றெசின் பட்டதும் ரெஜிபோம் சீனி மாதிரிக் கரைந்துவிட்டது. நான் செய்தது இன்னும் மலிவு: மூடி இறுக்கிய ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்கள். ஒரு போத்தல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவை மிதக்க வைக்கும். நூறு போத்தல் என்றால் 150 கிலோ. கல்யாண வீடு முடிந்த அடுத்த நாள் ஒரு சாக்கோடு போனால் சரி.

எஞ்சின் கொழுவும் பின்பலகை உக்கியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நேரம் இல்லாதவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை வாசியுங்கள். பழைய பைபர் போட்டில் பைபர் இலேசில் சாவதில்லை. அதற்குள் மறைந்திருக்கிற மரந்தான் சாகிறது. பின்பலகை வெளியில் பார்க்க முழுக்கப் பைபர். உள்ளே ஒட்டுப்பலகை. எஞ்சின் பிடிக்குப் போட்ட போல்ட் ஓட்டை, தண்ணீர் விடுகிற ஓட்டை, மேல் விளிம்பு ஆகிய மூன்று இடத்தாலும் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை.

ஒரு நாணயக் குற்றியை எடுத்துப் பலகை முழுவதும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று பதில் சொல்லும். உக்கிய இடம் "பொத்" என்று வாயை மூடிக்கொள்ளும். பிறகு எஞ்சினின் கீழ்க்காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் பலகையின் மேல் விளிம்பைப் பார்க்கட்டும். விளிம்பு அசைந்தால் சந்தேகமே இல்லை. அப்படியும் தெளியாவிட்டால் உள்பக்கத்திலிருந்து நாலு மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டு, வருகிற தூளைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து வந்தால் நிம்மதி. கறுத்து, பிழிந்த தேயிலை மாதிரி வந்தால் வேலை இருக்கிறது.

என் போட்டில் இடது பக்கக் கீழ் மூலையில் சத்தம் மாறியது. துளைக்கம்பியை இழுத்ததும் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு வழிந்தது. கொஞ்சத்தில் நிற்கும் என்று பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தேன். பின்னேரம் வரை வழிந்தது. அதன் மேல் பூசியிருந்த நீலப் பெயின்ற் மட்டும் புத்தம் புதிது. போட் வாங்கும்போது நான் அந்தப் பெயின்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

பின்பலகையை நானே மாற்றலாமா?

மாற்றலாம், அவசரப்படாவிட்டால். எனக்கு ஒரு மாரி முழுவதும் போனது. அந்த வருடம் கடலில் இறக்கியபோது வைகாசியாகி, வட்டப்பளைப் பொங்கலும் வந்துவிட்டது. அதில் வேலை செய்த நாட்கள் ஒரு கிழமைதான். மிச்சமெல்லாம் காயவிட்ட நாட்கள்.

உள்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். வெளித்தோலைத் தொடாதீர்கள், அதுதான் உங்களுக்கு அச்சு. உள்தோலை ஓரத்தில் நாலு விரல் விட்டு வெட்டி எடுத்து, உக்கிய பலகையை உளியால் சுரண்டி, வெளித்தோலின் உள்முகம் வெறும் பைபராகத் தெரியும்வரை உரசுங்கள். பிறகு காயவேண்டும். காய்ந்ததா என்று அறிய ஒரு வழி: ஒரு சாண் பொலித்தீனை அதில் வைத்து நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடுத்த நாள் பொலித்தீனுக்குக் கீழே பனித்திருந்தால் இன்னும் ஈரம். எனக்கு நாலு தடவை பனித்தது.

பழைய பலகையின் தடிப்பை அளந்து அதே தடிப்புக்குப் புதியது செய்யுங்கள். எஞ்சின் பிடி அந்த அளவுக்குத்தான் பொருந்தும். ஒட்டுப்பலகை வாங்கும்போது கடைக்காரர் தண்ணீருக்குத் தாங்கும் என்றுதான் சொல்வார். ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து பானையில் போட்டு ஒரு மணித்தியாலம் அவியுங்கள். பாய் பாயாகக் கழன்றால் அதை அலுமாரி செய்கிறவர்களுக்கு விடுங்கள். மனைவிக்குத் தெரியாத பழைய பானையாகப் பார்த்து எடுப்பது உத்தமம்.

பலகையின் நாலு ஓரத்துக்கும் முதலில் றெசின் குடிக்கக் கொடுங்கள், தண்ணீர் ஏறுவது ஓரத்தால்தான். மரத்துக்குக் கொடுக்கும் முதல் பூச்சைப் பின்னேரத்தில் செய்யுங்கள். காலையில் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கிற காற்று விரிந்து வெளியே வந்து, பூச்சு முழுவதும் குமிழ் போடும். பின்னேரம் சூடு இறங்கும்போது மரம் பூச்சை உள்ளே இழுக்கும். வெளித்தோலுக்கும் பலகைக்கும் நடுவில் றெசினில் நனைத்த பைபர் மட் (கண்ணாடியிழை விரிப்பு) ஒன்று வைத்து, எஞ்சின் போல்ட் ஓட்டைகளாலேயே போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட்டுக்குக் கிறீஸ் பூச மறந்தால் அது அங்கேயே குடியிருக்கும். ஓரங்களால் றெசின் பிதுங்கி வந்தால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம்.

காய்ந்த பிறகு உள்மூலைகளை றெசினில் ரல்க் பவுடர் குழைத்து வளைவாக நிரப்புங்கள். பைபர் மட் கூர்மூலையில் படியாது. அதற்கு மேல் 450 கிராம் மட் (சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறை) நாலைந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் முந்தியதைவிடப் பெரிதாக, பக்கங்களிலும் தரையிலும் ஒரு சாண் ஏறட்டும். 450 கிராம் மட் ஒரு அடுக்கு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வரும்.

கடைசியாக ஓட்டைகள். பழைய பலகை உக்கியதே இவற்றால்தான். போல்ட்டைவிடப் பெரிய ஓட்டையாகத் துளைத்து, அதை றெசினால் நிரப்பிக் காயவிட்டு, அதன் நடுவில் போல்ட்டின் அளவுக்குத் திரும்பத் துளையுங்கள். இனித் தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது.

றெசினை இறுகவைக்கிற ஹாட்னர் எவ்வளவு விடுவது?

ஒரு கிலோ றெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர். நம்முடைய சூட்டுக்குப் பத்தே போதும். மழைக்குளிரில் கொஞ்சம் கூட்டலாம். கண்ணால் மட்டுக்கட்டி ஊற்றாதீர்கள். மருந்துக் கடையில் ஊசி போடுகிற சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். 100 கிராம் றெசினுக்கு ஒரு மில்லிலீற்றர் என்று மனத்தில் வைத்தால் கணக்கு பிழைக்காது. ஒரு சதுர மீற்றர் 450 கிராம் மட்டை நனைக்க ஒரு கிலோவுக்குச் சற்று மேல் றெசின் வேண்டும்.

ஒரே தடவையில் நிறையக் கலக்கவேண்டாம். பாத்திரத்தில் மொத்தமாக நிற்கிற றெசின் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். நான் முதல்நாள் யோகட் கப்பில் கலக்கினேன். கப்பின் அடி மெதுவாக இளகி, கலவை முழுவதும் மணலில் இறங்கியது. கையில் வளையம் மட்டும் மிச்சம். ரெஜிபோமும் அந்த யோகட் கப்பும் ஒரே சாதிப் பிளாஸ்ரிக் என்று பிறகுதான் விளங்கியது. ஐஸ்கிறீம் டப்பா தாங்குகிறது. தகரப் பேணியும் சரி.

இதைக் கவனமாகக் கேளுங்கள். சில கடைகளில் றெசினோடு ஹாட்னர், கோபால்ட் என்று இரண்டு போத்தல் தருவார்கள். கத்தரிப்பூ நிறத்தில் இருப்பது கோபால்ட். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் றெசினில் விட்டு நன்றாகக் கலக்கி, அதன் பிறகுதான் ஹாட்னர். இரண்டு போத்தலையும் ஒரே பையில் தூக்கி வருவதும் வேண்டாம். ஹாட்னர் கண்ணில் தெறித்தால் அந்த நிமிடமே தண்ணீரில் கழுவத் தொடங்கி, கால் மணித்தியாலம் விடாமல் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டாம்.

உரசும்போது முகக்கவசம், நீளக்கைச் சட்டை. பைபர் தூள் பட்டு அரித்தால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். துவாயால் தேய்த்தால் தூள் இன்னும் உள்ளே போகும்.

மழை நாளில் பைபர் வேலை செய்யலாமா?

தறப்பாளுக்குக் கீழேயும் வேண்டாம். ஈர மட் வெள்ளை பூத்து, காய்ந்த மாதிரிக் காட்டி, பிறகு உரிந்து வரும். மட்டை வீட்டுக்குள், பொலித்தீனில் சுற்றி வையுங்கள். மார்கழியிலும் மூன்று நாள் தொடர்ந்து வெயில் வருகிற இடைவெளி ஒன்றிரண்டு கிடைக்கும். முதல்நாள் காயவிட்டு, இரண்டாம் நாள் காலை பனி போனபிறகு தொடங்கி, மூன்றாம் நாளைக் காவலாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மழை நாட்களுக்கு எஞ்சினும் பாயும் இருக்கின்றன.

போட் முழுவதும் மயிர்க்கோடு மாதிரி வெடிப்புகள். பயப்பட வேண்டுமா?

வெடிப்பின் உருவத்தைப் பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரிப் பரவினால் அங்கே ஏதோ இடித்திருக்கிறது. பக்கத்துப் பக்கமாக ஒரே திசையில் வரிசையாக ஓடினால் அந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. இரண்டாவதுதான் கவலை. மேலே பூசி மூடினால் அடுத்த வருடம் அதே இடத்தில் வரும். உள்ளே இருந்து இன்னொரு அடுக்கோ ஒரு குறுக்குச் சட்டமோ கொடுத்து வளைவதை நிறுத்தவேண்டும்.

நகத்தால் இழுத்துப் பார்த்து, நகம் மாட்டாத கோடுகளை விட்டுவிடலாம். நகம் மாட்டினால் சுரண்டித் திறந்து பாருங்கள். பைபர் வரை போயிருந்தால் சும்மா நிரப்பக்கூடாது. சுற்றிச் சரிவாக உரசி மட் வைக்கவேண்டும். சரிவு, தோலின் தடிப்பைப் போல பன்னிரண்டு மடங்கு: மூன்று மில்லிமீற்றர் தோல் என்றால் வெடிப்பிலிருந்து நாலு பக்கமும் ஏறக்குறைய நாலு சென்ரிமீற்றர். சோம்பலில் இதைக் குறைத்தால் ஒட்டு, ஒட்டாகவே கழன்று வரும்.

எப்பொக்சி நல்லதா, சாதாரண றெசின் நல்லதா?

எப்பொக்சி பலம், விலையும் அதிகம். பழைய பைபரில் எப்பொக்சி நன்றாகப் பிடிக்கும். ஆனால் எப்பொக்சிக்கு மேல் சாதாரண பொலியெஸ்ரர் றெசின் சரியாகப் பிடிக்காது. ஆகவே ஓரிடத்தில் எப்பொக்சி தொட்டால் அந்த இடம் கடைசிவரை எப்பொக்சிதான். போல்ட்டைச் சுற்றி சிலிக்கன் பூசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு றெசினும் பிடிக்காது, பெயின்ற்றும் பிடிக்காது.

எஞ்சினை மாரிக்கு எப்படி வைப்பது?

கடைசி ஓட்டம் பெற்றோலில். மண்ணெண்ணெயில் நிறுத்தினால் காபரேற்றரில் பிசின் மாதிரிப் படிந்துவிடும். ஒரு பரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் கொழுவிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எண்ணெய்க் குழாயைக் கழற்றித் தானாக நிற்க விடுங்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ரூ-ஸ்ற்றோக் ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக நாலு தரம் இழுங்கள். பிறகு நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டால் காலுக்குள் நிற்கிற தண்ணீர் தலைக்கு வரும்.

கியர் ஒயிலை இப்போதே மாற்றுங்கள். வடிகிற ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. பெரும்பாலும் விசிறிக்குப் பின்னால் சுற்றிய தங்கூசிதான் (நைலோன் தூண்டில் நூல்தான்) தண்ணீர் புகாமல் தடுக்கிற சீல் வளையத்தை அறுத்திருக்கும். விசிறியைக் கழற்றிப் பாருங்கள். நான் எடுத்தது ஒரு கைப்பிடி.

தண்ணீர் பம்பின் றப்பர் விசிறியை, நல்லாயிருந்தாலும், மாற்றிவிடுங்கள். காலில் இருக்கிற சாம்பல் நிறத் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் அதையும் மாற்றவேண்டும். அது கரைவதற்கென்றே வைத்தது. அழகுக்காக அதற்குப் பெயின்ற் அடித்தால் அது கரையாது, எஞ்சின் கரையும்.

பாயை எப்படிப் பார்ப்பது?

நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் தொங்கவிட்டு, முழுதாகக் காய்ந்த பிறகு தளர்வாகச் சுருட்டி, வாடியின் கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். நிலத்தில் வைத்த பாய் எலிக்குப் பிள்ளைப்பேற்று விடுதி. எனக்கு ஒரு வருடம் நடுவில் ஓட்டையும் ஐந்து குஞ்சும் கிடைத்தன.

பாய்த்துணிக்கு முன் போவது தையல் நூல். வெயில் முதலில் அதைத்தான் தின்னும். தையலில் நகத்தை வைத்து இழுங்கள். நூல் தூளாக வந்தால் அந்த வரி முழுவதையும் திரும்பத் தைக்கவேண்டும். வீட்டுத் தையல் மெசின் இரண்டு மடிப்புக்குத் தாங்கும், மூலைக்குத் தாங்காது. மூலைகளை ஊசியும் வலை நூலும் கொண்டு கையால் தையுங்கள்.

என் முதல் பாய் தறப்பாள். அதற்கு முன் யூரியாப் பை தைத்துப் பார்த்தேன். இரண்டும் வெயிலில் ஒரு பருவம் தாங்கின, பிறகு உதிர்ந்தன. மலிவாகப் பழகிப் பார்ப்பதற்குப் பரவாயில்லை. முந்தியவர்கள் பருத்திப் பாயையும் வலையையும் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துத்தான் உக்காமல் காத்தார்கள். இப்போதைய துணிக்கு அது தேவையில்லை.

ஆஞ்சான் கயிறு பருமலை (பாய் கட்டியிருக்கிற குறுக்குத் தடியை) உயர்த்துகிற இடத்தில், மரத்தின் உச்சியில் ஒரே இடத்தில்தான் எப்போதும் தேயும். கயிற்றை வெட்ட வேண்டாம், தலை மாற்றிக் கட்டுங்கள். பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிறு கையில் பிடிப்பது என்பதால் அதன் குறை தானாகத் தெரிந்துவிடும்.

பாய்மரத்தின் அடியை மறவாதீர்கள். பைபர் போட் பாய்க்கென்று கட்டியது இல்லை. மரத்தின் கால் நேராகத் தோலில் குத்தினால், ஒவ்வொரு அலைக்கும் ஒரு உலக்கை இடி. நான் முதல் வருடம் அப்படித்தான் வைத்தேன். கரையேற்றிக் கீழே பார்த்தபோது ஏராவுக்குப் பக்கத்தில் மேலே சொன்ன நட்சத்திரம். இப்போது வேப்பம்பலகை ஒன்று இரண்டு முழ நீளத்துக்குப் பரவி வைத்து, அதில் குழி எடுத்திருக்கிறேன்.

பாய் போட்டால் மண்ணெண்ணெய் மிச்சமா?

2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. அந்தக் கிழமைதான் நான் பாயைப் பற்றி யோசித்தேன். பதில்: கொஞ்சம் மிச்சம், காற்றைப் பொறுத்து. இரவில் கரைக்காற்று வெளியே தள்ளும், மத்தியானத்துக்குப் பிறகு கடல்காற்று வீட்டுக்குக் கொண்டுவரும். பங்குனி, சித்திரையில் இது அழகாக ஓடும். சோளகத்தில் கதை வேறு. நமது கரையில் சோளகம் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. போகும்போது சுகம், திரும்பும்போது காற்று முகத்தில். தட்டையான அடியுள்ள போட் காற்றை எதிர்த்து ஏறாது, பக்கவாட்டில் வழுக்கும். எஞ்சின் இல்லாமல் பாயை மட்டும் நம்பி அந்தக் காலத்தில் வெளியே போகாதீர்கள்.

என்ன பெயின்ற் அடிப்பது?

பிடித்ததை. தினமும் கரையேற்றுகிற போட்டுக்குக் கொட்டலசு (அடியில் ஒட்டி வளர்கிற சிப்பி மாதிரி உயிர்) பிடிக்காத விலைகூடிய அடிப்பெயின்ற் தேவையில்லை. களப்பில் கட்டியே கிடக்கிற வள்ளத்துக்குத் தேவை. பதிவு இலக்கத்தை மறைக்காமல் திரும்ப எழுதுங்கள். காசு குறைவென்றால் பெயின்றை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டுப் பின்பலகையைப் பாருங்கள்.

என்னிடம் இருப்பது மரவள்ளம். இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?

முக்கியமான ஒன்று தலைகீழ். பைபரைக் காயவிடவேண்டும், மரவள்ளத்தை அதிகம் காயவிடக்கூடாது. பலகை சுருங்கி மூட்டு திறக்கும். நிழலில் வைத்து ஈரச்சாக்குப் போடுங்கள். திறந்த மூட்டுக்குப் பருத்தி நூலை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதுதான் கலப்பத்து. வல்வெட்டித்துறையில் மரத்தால் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாயில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கைவேலை தெரிந்தவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் என்னை விட்டுவிட்டு அவரிடம் போங்கள்.

பழைய மரத்துக்கு மேல் பைபர் போர்த்துவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஈரம் உள்ளே மாட்டி, வெளியில் பளபளவென்று இருக்க உள்ளே உக்கும். பின்பலகையின் கதைதான், வள்ளம் முழுவதுக்கும்.

கடலில் இறக்குவதற்கு முன் கடைசியாக என்ன பார்ப்பது?

அடைப்பைப் பூட்டி, போட்டுக்குள்ளே கணுக்கால் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மணல்பை முண்டு கொடுத்தே இருக்கட்டும், பாரத்தை மறக்கவேண்டாம். அரை மணித்தியாலம் கழித்து, வெளியே காய்ந்திருக்கிற அடியில் எங்கே ஈரம் பூக்கிறது என்று முழங்காலில் நின்று பாருங்கள். கடலில் தேடினால் கிடைக்காத கசிவு கரையில் இப்படிக் கிடைக்கும். கண்டதும் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். தண்ணீரை வெளியே விட்டதும் எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.